கோழி தோழியான கதை

அத்தியாயம் 14

போன வெள்ளிக்கிழமை வானொலி நிலையத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு, இந்த வெள்ளிக்கிழமை காலையிலும் பாட்டுக்காரியின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தி நின்றது.

அவளுக்குப் பாட வராது. பாட்டு எழுதத்தான் வரும். ஆனாலும் தெருவில் அவள் பெயர் பாட்டுக்காரி. அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறாள். அண்ணன் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாளைவிட தண்டவாளத்தில் இருக்கும் நாள்தான் அதிகம். கீழே அண்ணியும் ஒன்பது வயது மகளும். அண்ணி அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். மகள் பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவுக்கு இருந்ததால் பட்டாணி என்று பெயர் விழுந்தது. வளர்ந்தும் அது உதிரவில்லை.

வானொலியில் கேட்டது சாதாரணக் கேள்விதான். "ஊரே பாடற இந்தத் 'தோழி தோழி' உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மழை பெய்தது, ஜன்னலோரம் நின்றேன், தோன்றியது என்று சொன்னால் யார் வழக்குப் போடப்போகிறார்கள்? ஆனால் எதிரில் இருந்தவர் சிரிக்கத் தயாராக இருந்தார். சிரிக்கத் தயாராக இருக்கிற ஒரு முகத்தைப் பார்த்தால் பாட்டுக்காரிக்கு வாய் நிற்காது.

"எங்க அண்ணன் பொண்ணு பட்டாணிக்குச் சின்ன வயசுல 'க' வராதுங்க. எல்லாத்துக்கும் 'த'தான். கோழின்னா தோழி. கொடுன்னா தொடு. குளிருதுன்னு சொல்ல வராம, துளிருது துளிருதும்பா! அதை அப்படியே தூக்கிப் பாட்டுல போட்டுட்டேன்."

அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். திங்கட்கிழமை பட்டாணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

அந்தப் பாட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. பட்டாணிக்கு நாலு வயதாகியும் 'க' என்ற எழுத்து நாக்கில் ஏறவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்மணி, 'க'வில் தொடங்கும் சொற்களை விளையாட்டாகச் சொல்ல வையுங்கள் என்றார். பாட்டெழுதும் நாத்தனார் மாடியில் இருந்தும் அண்ணி அவளிடம் கேட்கவில்லை. கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தானே உட்கார்ந்து கட்டிவிட்டாள்.

கோழி கோழி, கூடை கொடு,
குட்டிக் கரடி குளிருது பார்.

பட்டாணி அதைப் பாடியது இப்படி:

தோழி தோழி, தூடை தொடு,
துட்டித் தரடி துளிருது பார்.

இரண்டு வருடம். தினமும் சாயங்காலம் கண்ணாடிக்கு முன்னால் அம்மாவும் மகளும். நாக்கு நுனி மேலே எழும்பாமல் இருக்க ஸ்பூன் காம்பால் அழுத்திக்கொண்டு, "க... க... கோ..." ஒருநாள் கடைக்குள் ஓடிவந்து குழந்தை "கோழி!" என்று கத்தியபோது, கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு அண்ணி அழுதாளாம்.

அந்த இரண்டு வருட உழைப்பைத்தான் நாத்தனார் திருப்பிப் போட்டு ஊருக்கு விற்றுவிட்டாள்.

அவளுக்கு அது புதிதல்ல. ஒன்று இரண்டு எண்ணச் சொல்லித்தரும் பாட்டைக் காதல் சண்டையாக்கியிருக்கிறாள். அகர வரிசையை வைத்து, "'அ'ன்னா அவதான், 'ஆ'ன்னா ஆபத்துதான்" என்று ஒரு கல்யாணமாகாதவனைப் புலம்ப வைத்திருக்கிறாள். இசையமைப்பாளருக்கு அதில் அசையாத நம்பிக்கை. "பாப்பா பாட்டுல பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சிருக்கும்மா. சந்தம் எல்லாருக்கும் ரத்தத்துல இருக்கு. வார்த்தையை மட்டும் லேசாத் தட்டிவிட்டா போதும், பெரியவங்க எழுந்து ஆடுவாங்க."

இந்தப் பாட்டுக்காக உட்கார்ந்த அன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் எதைத் தட்டியும் எதுவும் நகரவில்லை. அலுத்துப்போய், சும்மா சிரிப்புக்காகத் தன் போனில் இருந்த பட்டாணியின் பழைய குரலைப் போட்டுக் காட்டினாள். இசையமைப்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அரை மணி நேரத்தில் பாட்டு பிறந்துவிட்டது.

தோழி தோழி, தோளைத் தொடு,
துட்டே இல்லாக் காதல் துளிருது பார்.

இவ்வளவும் வீட்டுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. பாட்டு தொடங்கும்முன் ஒரு குழந்தை "தோழி தோழி" என்று மழலையில் அழைக்குமே, அந்தக் குரல் எந்தக் குழந்தை நட்சத்திரத்துடையதும் அல்ல. அது போனில் இருந்த அதே குரல்.

"வீட்டுல கேட்டுட்டீங்கல்லம்மா?" என்று இசையமைப்பாளர் அப்போதே கேட்டார்.

"அதெல்லாம் சொல்லியாச்சு."

சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சொல்ல நினைத்தாள், அண்ணிக்குக் காய்ச்சல். மறுநாள் நினைத்தாள், அண்ணன் வந்திருந்தான், வீடு கலகலப்பாக இருந்தது. பிறகு பாட்டு வெளியாகிவிட்டது. அதற்குப் பிறகு சொல்வதற்கு ஏற்ற நாள் என்று ஒன்று வரவே இல்லை.

*

வெள்ளிக்கிழமை காலை பாட்டுக்காரி கீழே இறங்கி வந்தபோது பட்டாணி தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். அண்ணி கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்ததால் சீப்பை இவள் வாங்கிக்கொண்டாள்.

"எந்த ரிப்பன்டா செல்லம்?"

"அந்த இருட்டு நிறத்துல இருந்துச்சே, அது."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. கறுப்பு ரிப்பனை எடுத்தாள். "நேத்து கணக்குப் பரீட்சையாமே?"

"நம்பர் போடற பரீட்சைதானே? நல்லா எழுதினேன்."

"கால்ல என்ன சிராய்ப்பு?"

"முட்டில. படில விழுந்துட்டேன்."

பின்னிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. வார்த்தையை எடைபோட்டு விற்றுப் பிழைக்கிற காது அது. ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் உடனே தெரிந்துவிடும். கறுப்பு இல்லை. கணக்கு இல்லை. கால் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து இந்தக் குழந்தை பேசியதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கதவை வாசல் என்றது. கண் எரியுது என்று சொல்லாமல், "முழி எரியுது" என்றது. தன் வாயில் 'க' வந்து நிற்கும் இடத்தையெல்லாம் முன்கூட்டியே பார்த்து, பள்ளத்தைச் சுற்றிப் போகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறாள்.

'க' வராததால் அல்ல. அது எப்போதோ வந்துவிட்டது. தப்பித் தவறி சறுக்கிவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம்.

பாட்டுக்காரி ரிப்பனை முடிச்சுப் போட வராமல் இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணியின் போன் அடித்தது. பேசி முடித்து வைத்தவள், "ஸ்கூல்லேர்ந்து. இன்னிக்கு வந்து பாக்கச் சொல்றாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீயும் வர்றியாம்மா? தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

*

வகுப்பு ஆசிரியை சின்னப் பெண். அவர் மேஜை நிறைய அட்டையில் வெட்டிய கோழிக் கொண்டைகள், சிவப்புச் சாயம் காயாமல் கிடந்தன.

"ஆண்டு விழாவுக்கு எங்க கிளாஸ் 'தோழி தோழி'தான் ஆடுது. பட்டாணியோட பாட்டுன்னு ரேடியோவுல கேட்டதும் எல்லாருக்கும் ஒரே குஷி. அவளையே முன்னாடி நிறுத்தலாம்னு நெனச்சேன்." ஆசிரியையின் குரல் இறங்கியது. "ஆனா திங்கட்கிழமையிலேர்ந்து வாயே திறக்க மாட்டேங்கறா. பாடம் வாசிக்கச் சொன்னா புத்தகத்தைப் பிடிச்சிட்டு நின்னுட்டே இருக்கா. பசங்க வேற... இடைவேளையில ஒவ்வொருத்தனா வந்து தோளைத் தொட்டுட்டு, 'தோழி தோழி'ன்னு கத்திட்டு ஓடறாங்க. கண்டிச்சுப் பாத்துட்டேன். ஒருத்தனைப் பிடிச்சா நாலு பேர் கிளம்பறாங்க."

"படியில விழுந்தேன்னா..." என்றாள் அண்ணி மெதுவாக.

"அவங்க துரத்தினப்போ ஓடினா. அப்பதான் விழுந்தா."

பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரி ஒரு கொண்டையை எடுத்து, சாயம் விரலில் ஒட்டியதும் வைத்துவிட்டாள்.

கிளம்பும்போது ஆசிரியை கூச்சத்தோடு அவள் பக்கம் திரும்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். எங்க வீட்டுல எல்லாரும் உங்க பாட்டுக்கு ரசிகருங்க. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

மறுக்க வாய் வருவதற்குள் ஆசிரியை பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். படம் எடுக்க ஆள் வேண்டுமே. அண்ணி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் சிரிம்மா" என்றாள் அண்ணி, போனுக்குப் பின்னாலிருந்து. "முகம் ஏன் இப்படி இருக்கு?"

சிரித்தாள். வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே அழித்துவிட வேண்டிய படம் அதுதான். அது வேறொருத்தர் போனில் இருக்கிறது.

தெருவில் நடக்கும்போது அண்ணி குடையை இருவருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. நீ பாசத்துல சொன்ன. அந்தப் பாட்டைக் கட்டினதே நான்தானே? எல்லா வார்த்தையையும் அவளுக்கு வராத எழுத்துலயே பொறுக்கிப் போட்டேன். வேற யாராவது பாத்தா குழந்தையைக் கிண்டல் பண்ணக் கட்டின பாட்டுன்னுதான் நெனைப்பாங்க."

"ஐயோ, அப்படியில்ல அண்ணி..."

"பசங்க ஒரு வாரம் கத்துவாங்க, மறந்துடுவாங்க." அண்ணி தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். "நல்லவேளை, வெறும் கதையோட போச்சு. அவ குரலா அதுல இருக்கு? அப்படி இருந்திருந்தா ஜென்மத்துக்கும் போகாது."

இதைவிடப் பொருத்தமான இடம் வாய்க்காது. குடைக்குள் இரண்டே பேர். பாட்டுக்காரி வாயைத் திறந்தாள்.

"அண்ணி, கடைக்கு நேரமாச்சு உங்களுக்கு" என்றாள்.

*

அண்ணி கடைக்குள் நுழைந்ததும் இவள் தெருமுனைக்கு நடந்து இசையமைப்பாளரைக் கூப்பிட்டாள்.

"அந்தக் குழந்தைக் குரலை எடுத்துடலாமா சார்?"

"எங்க போய் எடுக்கறதும்மா? ஊரு பூரா ஓடிட்டிருக்கு. அதுதானே பாட்டுக்கே உயிர்!" அவர் உற்சாகத்தில் இருந்தார். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை வெற்றி விழா. அந்தப் பாப்பாவை மேடையில ஏத்தி, இதுதான் அந்தக் குரல்னு காட்டப் போறோம். வந்தவங்க எழுந்து நிப்பாங்க பாருங்க."

"வேண்டாம் சார். அவ வர மாட்டா."

"வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்னு நீங்கதானே சொன்னீங்க? சாயங்காலம் நானே போன் பண்ணி அவங்க அம்மாகிட்டப் பேசறேன். தாய்மாருங்களைப் பேசிச் சரிக்கட்டறது எனக்கு விடுங்க."

போன் அடங்கியது. எதிர்ப் பழக்கடையில் அவள் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. தராசைப் பிடித்தபடி கடைக்காரர் தோளைக் குலுக்கி ஆடிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் இதைப் பார்த்திருந்தால் தலைகால் புரிந்திருக்காது. இப்போது முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள்.

*

பள்ளி விட்டு வந்த பட்டாணி சீருடையைக்கூட மாற்றாமல் மாடிக்கு வந்தாள். கொடியில் காய்ந்த துணிகளை அத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். பட்டாணி ஒரு தலையணை உறையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது நான்தானே, அத்தை?"

"எதுடா?"

"பாட்டுல முதல்ல வர்றது."

துணிகள் அத்தனையும் கையிலிருந்து நழுவின. பொய் சொல்ல நேரம் இருந்தது. வழியும் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை.

"ஆமாடா. எப்படித் தெரிஞ்சுது?"

"பஸ்ல ஒருத்தி ஹெட்போன் தந்தா. பின்னால அம்மா சிரிப்பு வருது. சின்னதா வருது, ஆனா தெரியுது."

அண்ணியின் சிரிப்பு! ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை அமுக்கி அமுக்கி ஒரு நூலிழையாக்கி இருந்தார்கள். பாட்டை ஆயிரம் முறை கேட்ட அவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

"ஏன் எடுத்த?" என்று கேட்டாள் பட்டாணி. கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சுடா. நான் உக்காந்து யோசிச்சு எழுதின எல்லாத்தையும்விட நல்லா இருந்துச்சு. அந்த ஆசையில எடுத்துட்டேன்."

பட்டாணி அதை யோசித்தாள். "முதல்லயே சொல்லியிருந்தா நானே பாடித் தந்திருப்பேனே. சரியா பாடியிருப்பேன்."

இரண்டு வருடம் ஸ்பூன் காம்பால் அழுத்தி அழுத்தித் திருத்திய நாக்கு அது. சரியாகச் சொல்லத் தெரிந்த குழந்தையின் தப்பை மட்டும் எடுத்து ஊர் முழுக்க ஒலிக்கவிட்டிருக்கிறாள்.

"அம்மாட்ட சொல்லிடாத" என்றாள் பட்டாணி.

"ஏன்?"

"அம்மா உன்னோட பேச மாட்டா. நான் வேற சரியா பேசறது இல்ல. எல்லாரும் பேசாம இருந்தா, அப்பா வந்து யாரோட பேசுவார்?"

சொல்லிவிட்டு, கீழே விழுந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அத்தையின் கையில் அடுக்கினாள். பாட்டுக்காரி அப்படியே நின்றாள். அவளைக் காப்பாற்றுவதற்காக ஒன்பது வயதுக் குழந்தை ஒரு ரகசியத்தைச் சுமக்கத் தயாராகிவிட்டது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"நீ இங்கயே இரு. துணியை மடிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

*

அண்ணி சாப்பாட்டு மேஜையில் யாருடைய மூக்குக்கண்ணாடியையோ வைத்துக்கொண்டு, கடுகளவு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் முடியாத வேலையை வீட்டுக்கு எடுத்து வருவது அவள் வழக்கம்.

"அண்ணி, அந்தப் பாட்டுல முதல்ல வர்ற குரல் நம்ம பட்டாணியோடது."

திருகாணி நின்றது.

"அவ நாலு வயசுல பாடினது. என் போன்ல இருந்துச்சு. நான்தான் கொடுத்தேன். உங்ககிட்டக் கேக்கல. கேட்டுட்டேன்னு அவங்ககிட்டப் பொய் சொன்னேன். காலையில குடைக்குள்ள சொல்லியிருக்கணும், அதுவும் சொல்லல."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அடிக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். அண்ணி கத்தவில்லை. துடைப்பதற்கு வைத்திருந்த துணியில் விரல்களை மெதுவாகத் துடைத்தாள்.

"போடு. கேக்கறேன்."

"வேண்டாம் அண்ணி..."

"போடு."

ஹெட்போனை மாட்டிவிட்டாள். பாட்டு முழுவதையும் அண்ணி கேட்டாள். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறை குழந்தைக் குரல் வந்ததும் நிறுத்திவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் சிரிச்சிருக்கேன்" என்றாள்.

"அண்ணி?"

"அவ தப்பாச் சொன்னப்போ நானும்தான் சிரிச்சிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல. ஊர்ல எல்லாரையும் மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன் காலையிலேர்ந்து. முதல்ல சிரிச்ச ஆளு நான்தான்."

"நீங்க சிரிச்சது வேற..."

"வேறயா? அவளுக்கு அது எப்படித் தெரியும்?"

மேஜைமேல் கிடந்த பாட்டுக்காரியின் போன் அதிர்ந்தது. திரையில் இசையமைப்பாளர். அவள் பாய்ந்து எடுப்பதற்குள் அண்ணி எடுத்துக் காதில் வைத்துவிட்டாள்.

"ஆமாங்க, பட்டாணியோட அம்மாதான் பேசறேன்." கொஞ்ச நேரம் கேட்டாள். எதிர்முனையில் பாராட்டு மழை பொழிவது இவளுக்கே காதில் விழுந்தது. "ஓ. மேடையிலயா? ஞாயித்துக்கிழமையா?" இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். "இல்லைங்க. குழந்தை வர மாட்டா. அதுல பின்னாடி ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தம் வரும், கவனிச்சிருக்கீங்களா? அந்தச் சிரிப்பு என்னுது. நான் வர்றேன். எனக்குக் கொஞ்சம் பேசணும். மைக் கொடுத்தா போதும்."

போனைத் துடைத்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"அங்க போய் என்ன பேசப் போறீங்க அண்ணி?"

அண்ணி மறுபடியும் திருகாணியைக் கையில் எடுத்துவிட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ மேல போம்மா. உன் சாப்பாட்டை மாடிக்கே அனுப்பி வைக்கிறேன்."

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து "சாப்பிட வா" என்ற குரலைத்தான் கேட்டிருக்கிறாள். அவள் படியேறினாள். பாதிப் படியில் பட்டாணி, மடித்த துணிகளைக் கட்டிப்பிடித்தபடி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தைக்கு வழிவிட எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். பிறகு துணிகளோடு கீழே இறங்கிப் போய்விட்டாள்.